முன்நெற்றிக்கு ஒரு டில்லிப் பயணம்

டில்லி ஸ்டேஷனில் இறங்கியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "இந்த ஊர்ல முருகன் கோயில் எங்கிட்டு இருக்கு?"

எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்ற ரயிலே பனியில் தெரியவில்லை. போர்ட்டர்கள் சிவப்புச் சட்டைக்கு மேல் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, வாயிலிருந்து புகை வர எங்கள் பெட்டிகளைச் சூழ்ந்து நின்றார்கள். கல்லூரி நாட்களில் மாலை வகுப்புக்குப் போய்த் தேர்வெழுதித் தேறிய ஹிந்தி என்னிடம் இருந்தது. இலக்கணம் பிசகாமல் கூலி எவ்வளவு என்று கேட்டேன். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பெஹன்ஜி ரேடியோவில் செய்தி படிக்கிறவங்க போலிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் குறுக்கே வந்து ஏதோ இரண்டு வார்த்தை சொன்னான். பெட்டிகள் உடனே தலைமேல் ஏறின. வளைகுடாவில் ஒரே அறையில் பல ஊர்க்காரர்களோடு தங்கிக் கற்றுக்கொண்ட ஹிந்தி அது. ஆண்பால் பெண்பால் எதுவும் அதில் கிடையாது. ஆனால் வேலை நடந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பி.ஏ. வரைக்கும் போனேன். அண்ணன் கதிரேசன் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. ஒர்க்‌ஷாப்பில் வயரிங் வேலை கற்று வளைகுடாவுக்குப் போனவன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு. இந்த லீவில் வந்ததும் வராததுமாக, "தலையில ஒரு சின்ன ஆபரேஷன் இருக்கு. டில்லியிலதான் அதுக்கு நல்ல டாக்டர். பாப்பா கூட வரட்டும், டாக்டர்ட்ட இங்கிலீஷ் பேசணும்" என்று மட்டும் சொன்னான். என்ன ஆபரேஷன் என்று கேட்டதற்கு, பயப்பட ஒன்றுமில்லை என்று பேச்சை மாற்றிவிட்டான். இங்கிலீஷ் பேசக் கூப்பிடுகிறானே என்கிற பெருமையில் நானும் மேலே கேட்கவில்லை. தலையில் ஆபரேஷன் என்றதும் அம்மா அன்றைக்கே களையெடுப்பு வேலையை விட்டுவிட்டு மூட்டை கட்டிவிட்டாள். அப்பா இறந்த பிறகு அவளுக்கு நாங்கள் இரண்டு பேர்தான்.

லக்ஷ்மிபாய் நகரில், எங்கள் வேடசந்தூர்ப் பக்கத்துக்காரரான செல்வராஜ் அண்ணன் வீட்டில் தங்கினோம். மத்திய சர்க்கார் ஆபீஸில் கிளார்க். இரண்டு அறை குவார்ட்டர்ஸ். அவர் மனைவி ராஜாமணி அக்காவின் பேச்சு பாதி எங்கள் ஊர்த் தமிழ், பாதி டில்லி. "ஜல்தி குளிச்சிட்டு வந்துருங்கத்தா, எட்டு மணிக்கு மேல தண்ணி நின்னுரும்" என்று வாளியில் மின்சாரக் கம்பிச் சுருளைப் போட்டுத் தண்ணீர் காய வைத்துக் கொடுத்தார். பருப்பு நிறம் மாறியிருந்ததாலோ என்னவோ சாம்பார் எங்கள் சாம்பாராக இல்லை. கறிவேப்பிலையை மட்டும் ஜன்னலோரத் தொட்டியில் வளர்த்து, ஒவ்வொரு இலையாக எண்ணிப் போடுகிறவர் போலப் போட்டார். டில்லியிலேயே பிறந்த அவர் மகள் சுதா எங்களைச் சுற்றிச் சுற்றி வந்து, "நீங்க எல்லாம் இவ்ளோ ஸ்பீடா தமிழ் போல்றீங்க" என்றாள். பேசுவதற்கு அவள் வார்த்தை அது.

மறுநாள் கரோல் பாகுக்குப் போனோம். டாக்டரின் இடம் ஒரு மாடியில் இருந்தது. கீழே ஸ்வெட்டர் கடை. காத்திருக்கும் அறையில் உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்தேன். சட்டம் போட்ட படங்கள், ஜோடி ஜோடியாக. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரே ஆள். இடது பக்கத்தில் நெற்றி உச்சி வரைக்கும் ஏறிக் கிடக்கும். வலது பக்கத்தில் முடி முளைத்திருக்கும்.

எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மாவும் படங்களை எழுந்து போய்ப் பார்த்தாள். ஒவ்வொன்றாக, நிதானமாக. திரும்பி வந்து என் காதில், "இவுகள்லாம் பொழைச்சவுகளா?" என்றாள். "நோயோட இருந்தப்ப ஒண்ணு, குணமானப்புறம் ஒண்ணுன்னு எடுத்து வெச்சிருக்காக. குணமானா முடிகூட என்னமா வருது பாரு" என்று அவளே சொல்லிக்கொண்டு ஆறுதலாக உட்கார்ந்தாள்.

அண்ணனை வராந்தாவுக்கு இழுத்துப் போனேன். "இதுக்கா அம்மாவ அழவிட்டே?"

"நான் அழச் சொன்னேனா? சின்ன ஆபரேஷன்னுதானே சொன்னேன்."

"உள்ளதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு? மண்டையில முடி நடப் போறேன்னா? ஊரே சிரிக்கும் பாப்பா. போன லீவுல வத்தலக்குண்டுல பொண்ணு பார்க்கப் போனமே, மறந்துட்டியா? அந்த ஆளு சபையில வெச்சு, 'மாப்பிள்ளையோட சித்தப்பா வந்துட்டாரு, மாப்பிள்ளை எங்கே'ன்னு கேட்டானே. உனக்கென்ன, நீ படிச்சவ."

அந்தச் சபையில் நானும் இருந்தேன். அண்ணனுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. வளைகுடாவின் உப்புத் தண்ணீர், நாள் முழுக்கத் தலையில் ஹெல்மெட் என்று அவன் காரணம் சொல்வான். எது காரணமோ, நெற்றியின் இரண்டு பக்கமும் கடற்கரை மாதிரி உள்ளே போயிருந்தது. இந்தத் தடவை ஒட்டன்சத்திரத்தில் பூங்கொடி என்ற பெண்ணின் ஜாதகம் பொருந்தியிருந்தது. தை பிறந்ததும் பெண் பார்க்கப் போவதாகப் பேச்சு. அதற்குள் நெற்றியைச் சரிசெய்துவிட வேண்டும் என்பதுதான் அவன் கணக்கு. "அம்மாட்ட ஊருக்குப் போயி நானே சொல்லிக்கிறேன்" என்றான்.

டாக்டர் உயரமான பஞ்சாபிக்காரர், வெளிநாட்டில் படித்தவர். என் இங்கிலீஷைக் கேட்டு முதுகைக் கொஞ்சம் நிமிர்த்தி உட்கார்ந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. ஊதா மையில் அண்ணனின் நெற்றியில் ஒரு கோடு வரைந்தார். அண்ணன் கண்ணாடியைப் பார்த்து, இன்னும் கீழே வேண்டும் என்றான். டாக்டர் என்னிடம், "உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள். இந்தக் கோடு அவருடைய அறுபது வயதிலும் அவருக்குப் பொருந்த வேண்டும். கோட்டுக்குப் பின்னால் உச்சியில் இருக்கிற முடி இன்னும் போகும், நட்டது மட்டும் முன்னால் வேலி மாதிரி நிற்கும்" என்றார். சொன்னேன். "அறுபது வயசுல எவன் என்னைப் பார்க்கப் போறான், கேளு" என்றான் அண்ணன். கடைசியில் இருவருக்கும் நடுவில் ஒரு கோடு முடிவானது.

அடுத்து அவர் சொன்னதுதான் எங்களைக் கவிழ்த்தது. நட்ட முடி இரண்டு மூன்று வாரத்தில் உதிர்ந்துவிடும். வேர் மட்டும் உள்ளே இருக்கும். புது முடி தலைகாட்டச் சில மாதங்கள் ஆகும். நன்றாகத் தெரிய ஒரு வருடமாவது வேண்டும். அடர்த்தி போதாவிட்டால் மறுபடி ஒருமுறை வர வேண்டும்.

"தையில பொண்ணு பார்க்கணும்" என்றான் அண்ணன் தமிழில், என்னவோ டாக்டர் நினைத்தால் தேதியை மாற்றிவிடலாம் என்பது போல.

திரும்பிப் போய்விடலாம் என்று நான் சொன்னேன். அவன் கேட்கவில்லை. "இப்ப விட்டா இன்னும் ரெண்டு வருசம். அதுக்குள்ள பின்னாடியும் போயிரும்." பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். அது பல் டாக்டரிடம் இருக்கும் நாற்காலி மாதிரியே இருந்தது.

இதைச் செய்துகொள்ள நினைப்பவர்களுக்காக நான் பார்த்ததைச் சொல்கிறேன். மயக்க மருந்து கொடுப்பதில்லை. தலைத்தோலில் வரிசையாக ஊசி போட்டு மரத்துப்போகச் செய்கிறார்கள். அதுதான் வலி. எதற்கும் அசையாத அண்ணனின் கால் கட்டைவிரல்கள் அப்போது மடங்கின. பிறகு பின்மண்டையிலிருந்து பென்சில் கனமுள்ள சின்னக் குழாயால் திருகித் திருகித் தோலோடு முடியை எடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் முளைவிட்ட பயறு போல இருந்தது. அவற்றை ஒரு தட்டில் உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தார் நர்ஸ். முன்னால் அதே அளவில் குழி போட்டு ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். முதல் சில குழிகளோடு என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். வலியில்லை, சத்தம்தான் தாங்க முடியவில்லை, பச்சை வாழைத்தண்டை நறுக்குகிற சத்தம் தன் மண்டைக்குள்ளேயே கேட்டது என்று அண்ணன் பிறகு சொன்னான்.

வெளியே அம்மா பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு மஞ்சள் துணித்துண்டு. அதில் ஒரு காசை வைத்து முடிந்துகொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன. ஏதோ வேண்டிக்கொள்கிறாள் என்று தெரிந்தது. என்ன என்று நான் கேட்கவில்லை; வேண்டுதலை நடுவில் கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

மாலையில் அண்ணன் பெரிய வெள்ளைக் கட்டோடு வெளியே வந்தான். ஆட்டோ ஓட்டியவர் ஒரு சர்தார்ஜி. கட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தவர், "நல்லாத்தான் கட்டியிருக்கான், ஆனா எங்க ஆளுங்களைக் கேட்டிருந்தா இன்னும் அழகாக் கட்டி விட்டிருப்போம்" என்றார். அண்ணன் அன்றைக்கு அந்த ஒரு தடவைதான் சிரித்தான். இரவு முழுவதும் தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு.

கட்டைப் பிரிக்கப் போன நாளில் ஒரு ஆட்டோவும் வரவில்லை. பஸ்ஸில் கனாட் பிளேஸ் வரை போய், அங்கிருந்து பட்பட்டியில் ஏறினோம். பழைய மோட்டார் சைக்கிளின் பின்பாதியை அறுத்துவிட்டு ஒரு கூண்டைப் பொருத்தியது போன்ற வண்டி. சத்தத்தில்தான் அந்தப் பெயர். பாதி வழியில் அது இருமி நின்றுவிட்டது. டிரைவர் எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னார். குனியக் கூடாது, பாரம் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அண்ணன் ஒதுங்கி நின்றான். குரங்குக் குல்லாய்க்குள் கட்டு மறைந்திருந்தது. கோட்டுப் போட்ட ஒருவர், "நல்ல ஜவானா இருந்துக்கிட்டு வேடிக்கை பார்க்கிறியே, வெட்கமா இல்லை?" என்று ஹிந்தியில் திட்டினார். அம்மாவுக்குப் பாஷை தெரியாது, தொனி தெரியும். முந்தானையைச் செருகிக்கொண்டு அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்று தள்ளினாள். தள்ளியபடியே, "எம்புள்ளைக்கு மண்டையில ஆபரேஷன்யா! ஆபரேஷன்!" என்று தன் தலையில் தட்டிக் காட்டினாள். அந்த ஒரு வார்த்தை எல்லோருக்கும் புரிந்தது. வண்டி கிளம்பியதும் கோட்டுக்காரர் எழுந்து அண்ணனுக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார். இன்னொருவர் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை அவன் கையில் திணித்து, "பகவான் காப்பாத்துவார்" என்றார். அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கட்டைப் பிரிக்கும்போது அம்மா உள்ளே வந்தே தீருவேன் என்றாள். நர்ஸ் துணியைச் சுற்றிச் சுற்றி எடுத்தார். முன்னால் வரிசை வரிசையாகச் சிவந்த பொட்டுகள். ஒவ்வொரு பொட்டிலும் ஒரு கொத்துக் குட்டை முடி. பின்மண்டையில் முடியை ஒதுக்கிக் காட்டினால் வட்ட வட்டக் காயங்கள். அம்மா முன்னாலும் பின்னாலும் போய்ப் பார்த்தாள். அவள் நடவு நட்டு வளர்ந்தவள்.

"பின்னாடி பறிச்சு முன்னாடி நட்டிருக்காகளா?" என்றாள்.

நர்ஸ் பஞ்சால் ஒரு பொட்டைத் துடைத்தார்.

"கட்டி, கிட்டி ஒண்ணுமில்லையா?"

"இல்லம்மா" என்றேன்.

"முடிக்காகவா?"

அண்ணன் தலையை ஆட்டப் போனான். நர்ஸ் அவன் தாடையைப் பிடித்து, ஆடாதே என்றார்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா இடுப்பிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ரொம்பச் சின்னக் குரலில், "பழனியில மொட்டை போடுறதா வேண்டிக்கிட்டேனேடா" என்றாள்.

"யாருக்கு?" என்றான் அண்ணன்.

"உனக்குத்தான். எம்புள்ளை தலை குணமானா, அந்தத் தலைய மொட்டை போட்டு உன் காலடியில கொண்டாந்து நிறுத்துறேன்னு சொன்னேன். எனக்கென்னடா தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே வந்த சிரிப்பு போய்விட்டது. டாக்டருக்கு இதை இங்கிலீஷில் விளக்கத் தொடங்கினேன். கடவுளுக்குக் கடன், முடிக் காணிக்கை என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன், "மாஜி மன்னத் மானா, டாக்டர் சாப்" என்றான். அம்மா வேண்டுதல் வைத்திருக்கிறாள் என்று ஒரே வாக்கியம். டாக்டருக்குப் புரிந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. தன் மகனுக்கும் முதல் முடி எடுத்த கதையைச் சொன்னார். "இப்போது கத்தி படவே கூடாது. சில மாதம் போகட்டும். பிறகு தாராளமாகச் சிரைக்கலாம், வேருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால்," என்று நிறுத்தி, பின்மண்டையைத் தொட்டார். "மொட்டை அடித்தால் இந்த வட்டங்கள் எல்லாம் வெள்ளையாகத் தெரியும். அவை போகாது."

அதாவது, அண்ணன் எப்போது மொட்டை போட்டாலும் அவன் மண்டை ஊருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

திரும்பும் வழியில் அவன், "அடுத்த லீவுல பார்க்கலாம்மா" என்றான்.

"ஆண்டவன் கடனை வெச்சுக்கிட்டா பிளேன்ல ஏறுவ?"

"அப்ப என்னைய என்ன செய்யச் சொல்ற? எல்லாரும் பார்த்துச் சிரிக்கணுமா?"

அம்மா பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒரு ஆபீஸ் புல்வெளியில் மதிய வெயிலில் பெண்கள் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்கள். "இந்த ஊர்ல பொம்பளைக சும்மாவே இருக்க மாட்டாளுக போல" என்றாள்.

அடுத்த நாள் காலையில் அண்ணனின் முகம் வீங்கிவிட்டது. நெற்றியில் போட்ட மருந்துநீர் கீழே இறங்குவதால் இது எல்லோருக்கும் வருவதுதான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சொன்னது வேறு, பார்ப்பது வேறு. கண் இரண்டும் கோடாகிவிட்டன. சுதா கதவோரத்தில் நின்று, "மம்மி, அங்கிள் மூஞ்சி பூரி மாதிரி ஃபூல் ஆகி உப்பிடுச்சு" என்று கத்தினாள். ராஜாமணி அக்கா அவளை அதட்டிவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கண் தெரியாத மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரசம்சாதத்தைப் பிசைந்து ஊட்டினாள். அவனும் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தான். அந்த நாட்களில் அவர்கள் இருவரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

வீக்கம் வடியும்வரை நாங்கள் வெயிலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பஞ்சாபி அம்மா பட்டாணி உரிக்க வந்தார். அம்மாவும் உரித்தாள். இவள் தமிழில் பேச, அவர் பஞ்சாபியில் பதில் சொன்னார். எனக்கு இரண்டு பேச்சும் சேரவில்லை என்று நன்றாகத் தெரிந்தது. அவர்களுக்கு எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. தெருவில் சீனிக்கிழங்கைச் சுட்டு, எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தூவி விற்றார்கள். அம்மா ஒரு வாய் தின்றுவிட்டு, "இனிக்கிறத எதுக்கு இந்தப் பாடு படுத்துறாங்க" என்றாள். ஆனால் முழுவதையும் தின்றாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின் மேலிருக்கும் முருகன் கோயிலுக்கு எல்லோரும் போனோம். அண்ணன் குல்லாயைக் கழற்றாமல் வெளியிலேயே நின்றுவிட்டான். படியேறும்போதே சுற்றிலும் தமிழ் கேட்டது. தஞ்சாவூர், திருநெல்வேலி, சேலம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக. அம்மா சந்நிதி ஓரத்தில் சிவப்புப் பூ ஒன்றையும் வெள்ளைப் பூ ஒன்றையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கீழே போட்டு, சுதாவை ஒன்றை எடுக்கச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் முடிவெடுக்க முடியாதபோது சாமியிடம் இப்படிப் பூக் கேட்பார்கள். "ஆன்ட்டி, இது லாட்டரியா?" என்று கேட்டபடி சுதா ஒன்றை எடுத்தாள். வெள்ளை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்னம்மா கேட்ட?"

"சரிதானான்னு கேட்டேன். சரின்னுட்டான்."

கடனை அண்ணன் கொஞ்ச நாள் கழித்துத் தீர்ப்பதற்கு அம்மா அனுமதி வாங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்து சேர்ந்ததும் அம்மா பழனிக்குப் போகலாம் என்றாள். தைப்பூசத்துக்கு நடந்து வருகிறவர்களின் கூட்டம் ஆரம்பித்திருந்தது. அடிவாரத்தில் முடியெடுக்கும் கொட்டகைக்கு எதிரே டீக்கடையில் அண்ணனை நிற்கச் சொன்னாள். "பயப்படாத, நீ வர வேண்டாம்." என் கையில் பையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நாவிதர் அவளுக்குப் பின்னால் பார்த்து, "யாருக்குத் தாயி?" என்றார். அவள் கொண்டையை அவிழ்த்தபடி பலகையில் உட்கார்ந்தாள்.

நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். "அம்மா, பொம்பளைகளுக்குப் பூமுடி போதும்மா. மூணு தடவை கத்தரிச்சா போதும்."

"மொட்டைன்னு சொல்லிட்டேன் ஆத்தா. பேரம் பேசக் கூடாது."

"நீ சொன்னது அண்ணனுக்கு."

"அவன்தான் மாட்டேன்னுட்டானே. அவனுக்குப் பதிலு நான் குடுக்கட்டுமான்னு அந்தக் கோயில்லயே கேட்டுட்டேன்." தண்ணீரை அவளே தலையில் தெளித்துக்கொண்டாள்.

அண்ணன் எதிர்க்கடையிலிருந்து பார்த்துவிட்டான். ரோட்டைத் தாண்டி வந்து நிற்கும்போது பாதித் தலை முடிந்திருந்தது. "நிறுத்தச் சொல்லு" என்று என்னிடம்தான் சொன்னான். பாதியில் எப்படி நிறுத்துவது? முடிந்ததும் அம்மா சந்தனத்தைப் பூசிக்கொண்டு எங்களைப் பார்த்துத் திரும்பினாள். அவள் தலை இவ்வளவு சின்னது என்று எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த வாரம் ஒட்டன்சத்திரம் போக வேண்டும். அண்ணனுக்கு நட்டதெல்லாம் உதிர்ந்து, சிவந்த பொட்டுகள் மட்டும் இருந்தன. உச்சி முடியை முன்னால் இழுத்து வாரி மறைத்துக்கொண்டான். கிளம்பும் நேரத்தில் அம்மா, "நான் வரல" என்றாள்.

"நீ வராம எப்படி?"

"மொட்டையப் பார்த்ததும் என்ன வேண்டுதல்னுதான் மொதல்ல கேப்பாக. முருகன்ட்டச் சொன்னதப் பத்தி நான் பொய் சொல்ல மாட்டேன். உள்ளதச் சொன்னா உனக்கு ஆகாது. போயிட்டு வாங்க."

அண்ணன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். வா, எது வேண்டுமானாலும் சொல்லிக்கொள் என்று அவன் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டான்.

பெண் வீட்டில் பாயை விரித்ததும் பூங்கொடியின் அப்பா, "சம்பந்தியம்மா வரலையா?" என்று கேட்டார். "உடம்புக்கு முடியல" என்றான் அண்ணன். அவருடைய மனைவி அவரைப் பார்த்தார். தரகர் வேறு பேச்சை எடுத்தார். அண்ணனின் நெற்றியை அங்கே யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்; ஒரு கண்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

பூங்கொடி காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போகும்போது என்னைக் கண்ணால் கூப்பிட்டாள். ஒன்பதாவது வரை படித்தவள், நிமிர்ந்து பேசுகிறவள். "உங்க அம்மாவுக்கு இதுல இஷ்டமில்லையாக்கா?" என்றாள்.

"சேச்சே. உடம்புதான்."

"இல்ல, மறைக்காமச் சொல்லுங்க. அவரை போட்டோவுல பார்த்துட்டேன். கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசத்துல பிளேன் ஏறிருவாரு. அப்புறம் ரெண்டு வருசம் கழிச்சு ரெண்டு மாசம். நான் குடும்பம் நடத்தப் போறது உங்க அம்மாவோடதானே? அவுகளைப் பார்க்கணும்னுதான் காலையில இருந்து காத்துக்கிட்டிருந்தேன்."

தரகர் அவளிடம் கொடுத்திருந்தது போன லீவில் எடுத்த படம். ஏறிய நெற்றி அதில் பளிச்சென்று தெரியும்.

அம்மா ரொம்ப நல்லவள் என்று சொன்னேன். யாரும் தன் அம்மாவைப் பற்றிச் சொல்கிற வார்த்தைதான் அது. அவள் தலையாட்டிக்கொண்டாள்.

சில நாளில் தரகர் வந்து, ஜாதகத்தை இன்னொரு இடத்தில் பார்க்க வேண்டும் என்கிறார்கள், பொறுங்கள் என்றார். என்னிடம் மட்டும் தனியாக, "பையனோட அம்மாவே எட்டிப் பார்க்காத எடத்துல எப்படிப் பொண்ணைக் குடுக்கிறதுன்னு கேக்குறாங்கம்மா" என்று சொன்னார். அண்ணன் லீவு முடிந்து போனான்.

ஆடி மாதம் அவனிடமிருந்து ஒரு கலர் போட்டோ வந்தது. முன்நெற்றியில் முடி வந்திருந்தது. கொத்துக் கொத்தாக, நடுவில் இடைவெளி விட்டு, சிறுமிகள் விளையாடும் பொம்மையின் தலை போல. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அம்மா போட்டோவை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுக்கும் முடி காதுக்கு மேலே வரை வளர்ந்திருந்தது. முன்பு இல்லாத அளவுக்கு நரை.

"நல்லாத்தான் புடிச்சிருக்கு" என்றாள். "தரகர்கிட்டக் குடுத்து ஒட்டன்சத்திரத்துக்கு அனுப்பச் சொல்லு. இப்ப நானும் வருவேன்ல."

பூங்கொடிக்குப் பங்குனியிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. அம்மாவிடம் அதை இன்னும் யாரும் சொல்லவில்லை.